முடியில் பட்ட பந்து

பிப்ரவரி 4, ஞாயிறு

98. இடது கால். தரையோடு தரையாக, கோல்கீப்பரின் கைக்கும் கம்பத்துக்கும் நடுவில். 23-வது நிமிடம். எதிரணி மதுரை.

எண், கால், இடம், நிமிடம், எதிரணி. பதினெட்டு வயதில் முதல் கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் எழுதுகிறேன். அங்கே பதினொன்று. இம்பாலில் பத்தொன்பது; குளிரில் கால்விரல் பத்தும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டே அடித்தவை. கட்டாக்கில் இருபத்தாறு. மாலத்தீவில், மாலேயில் எட்டு, அங்கே ஒரு பக்கம் கோலைத் தாண்டினால் கடல். இங்கே தென்கரை எஃப்.சி.யில் ஐந்து சீசனில் இன்றையதோடு முப்பத்து நான்கு. இந்தியாவுக்காக அடித்த முப்பத்தொன்று தனி, அதை இதில் சேர்க்க மாட்டேன். நாடு வேறு, கிளப் வேறு. கிளப் என்பது வருஷா வருஷம் நம்மைத் திரும்பவும் எடுக்கிறார்களா என்று பார்க்கிற இடம்.

இந்த லீக்கில் ஆடுகிற எந்தப் பெண்ணும் கிளப் கோலில் நூறு தொட்டதில்லை. நான் தொடுவேன். இதில் தலைக்கனம் ஒன்றும் இல்லை, மழைக்காலத்தில் மழை வரும் என்று சொல்வது போலத்தான்.

வலது முட்டிக்கு ஐஸ் வைத்தேன். சும்மா, ஒரு பழக்கத்துக்கு.

பிப்ரவரி 6, செவ்வாய்

கோச் நாதன் சார் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார். அவர் டீ வாங்கித் தந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இனி முழு ஆட்டம் கிடையாதாம், அறுபது எழுபது நிமிடம்தானாம். முப்பத்து நான்கு வயது ஆகிறதே என்று இழுத்தார். என் ஜெர்ஸிக்குப் பின்னால் எழுதியிருப்பது ஒன்பது, முப்பத்து நான்கு அல்ல என்றேன். சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நூறு வந்தா போஸ்டர் அடிக்கலாம். போஸ்டர் வந்தா ஸ்பான்சர் வருவான். ஸ்பான்சர் வந்தா அடுத்த சீசன் உனக்கு இடம் இருக்கு, குணா. இல்லன்னா கமிட்டிய என்னால சமாளிக்க முடியாது."

நூறு தானே. இரண்டு பாக்கி, ஐந்து ஆட்டம் இருக்கிறது. சாருக்கு டீ செலவு வீண்.

பிப்ரவரி 11, ஞாயிறு

99. வலது கால். பெனால்டி. 40-வது நிமிடம். எதிரணி சேலம்.

பெனால்டியும் கோல்தான். இல்லை என்பவர்கள் வந்து ஒன்று அடித்துக் காட்டட்டும்.

எங்கள் பக்கம் ஆடுகிற சேலம் பொண்ணு வைஷாலிக்கு இன்று நம் கிளப்பில் முதல் கோல். இங்கே ஒரு வழக்கம் உண்டு: முதல் கோல் அடித்தவள் தன் ஊர்த் தின்பண்டத்தை வரவழைத்து டிரஸ்ஸிங் ரூமில் எல்லோருக்கும் தர வேண்டும். இம்பால்காரி கறுப்பரிசிப் பாயசம் காய்ச்சினாள். நான் வந்த வருஷம் கடலூரிலிருந்து அம்மா ஒரு முழுப் பண்ருட்டிப் பலாவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அதன் பால் ஒட்டி இரண்டு பேருடைய பூட்ஸ் வீணாய்ப் போனது. வைஷாலி தட்டுவடை வரவழைக்கப் போகிறாளாம்.

இந்த வழக்கத்திலிருந்து விலக்கு இரண்டு பேருக்குத்தான், கோல்கீப்பருக்கும் அமலிக்கும். அமலி எங்கள் பின்வரிசைத் தூண். நாலாம் நம்பர். ஊர் தூத்துக்குடி, திரேஸ்புரம். ஒன்பது வருஷமாக இந்தக் கிளப்பில் இருக்கிறாள், நூற்று முப்பது ஆட்டம், கோல் பூஜ்யம். "மக்ரூன் எப்போடி?" என்று கேட்பது எங்கள் பஸ்ஸில் ஒரு ஸ்தோத்திரம். "வரும், வரும், கப்பல்ல வருது" என்பாள். கோபமே வராது அவளுக்கு. எனக்கு வந்திருக்கும்.

பிப்ரவரி 16, வெள்ளி

அமலி முடி வெட்டினாள். ஹாஸ்டலில் எல்லோருக்கும் அவள்தான் பார்பர், சொந்த டிரிம்மர் வைத்திருக்கிறாள். பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, வியர்வையில் ஊறவைத்து, பிறகு நாளெல்லாம் காயவைப்பது இனி என்னால் ஆகாது என்று சொல்லி மொட்டைக்குக் கொஞ்சம் மேலே வெட்டச் சொன்னேன். இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் மெஷினை வைத்தாள். தடவினால் தேங்காய் நார் போல இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு யாருக்கு வேண்டுதல் என்று கேட்டாள்.

வெட்டும்போது அமலி ஒரு சேதி சொன்னாள். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்துவிட்டதாம், ஜூனில் சேர வேண்டுமாம். இதுதான் அவளுக்குக் கடைசி சீசன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லையாம். போகிறாளே என்று எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல், போவதற்குள் ஒரு கோலாவது போட்டுவிட்டுப் போடி என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கோல் இல்லை. திருச்சிக்காரிகள் என்மேல் இரண்டு பேரை ஒட்டவிட்டார்கள். 58-வது நிமிடத்தில் சார் வெளியே எடுத்துவிட்டார். தண்ணீர்ப் பாட்டிலை உதைத்தேன். பாட்டில் மட்டும் சரியாக மூலையில் போய் விழுந்தது.

பிப்ரவரி 21, புதன்

துணி துவைத்தேன். முட்டி வீக்கம் கொஞ்சம். மாடிப்படி ஏறும்போது மட்டும்தான். மாடியில் யார் கால்பந்து ஆடுகிறார்கள்?

பிப்ரவரி 25, ஞாயிறு

100.

வேலூரை 1–0 என்று ஜெயித்தோம். 71-வது நிமிடம். கால், இடம் எல்லாம் நாளைக்கு எழுதுகிறேன். இன்று எல்லோரும் தூக்கித் தூக்கிப் போட்டு உடம்பு வலி.

பிப்ரவரி 26, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஃப்ரீகிக். அமலிதான் அடிப்பாள், எப்போதும் அவள்தான். உயரமாகத் தூக்கி என் பக்கம் போடுவாள், நான் ஓடிப்போய்த் தலையால் முட்டுவேன். ஐந்து வருஷமாக அதுதான் எங்கள் ஏற்பாடு. நேற்றும் அதே மாதிரி வந்தது. ஓடினேன், குதித்தேன். வேலூர் கோல்கீப்பர் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து அவளுக்கு முன்னால் ஒரு குத்துக் குத்தி உள்ளே போய்விட்டது.

கை மேலே போனது. நான் தூக்கவில்லை, தானாகப் போனது. பதினாறு வருஷப் பழக்கம். வலைக்குள் பந்து போனால் என் கை மேலே போகும். அதைப் பார்த்து எல்லோரும் என்மேல் வந்து விழுந்தார்கள். நூறு நூறு என்று கத்தினார்கள். பெஞ்சில் ஒரு வாரமாக மடித்து வைத்திருந்த பேனரை விரித்துவிட்டார்கள். அமலியும் அவ்வளவு தூரம் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து மேட்ச் கமிஷனர் தாளோடு டிரஸ்ஸிங் ரூம் வாசலுக்கு வந்தார். 71-வது நிமிடம் நாலாம் நம்பரா, ஒன்பதாம் நம்பரா என்று கேட்டார். அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு கேமரா, அதுவும் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால். ஒன்பது, முடியில் லேசாகப் பட்டது என்றேன். எழுதிக்கொண்டார். கேப்டன் என்று போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அமலி பக்கத்து பெஞ்சில் ஃபோனில் அவள் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். பாதியில் வைத்துவிட்டாள். டவர் கிடைக்கவில்லை போல.

ஒன்று சொல்கிறேன். நான் குதிக்காமல் இருந்தால் அந்த கோல்கீப்பர் அதைப் பூப்பறிப்பது போலப் பிடித்திருப்பாள். அது என் ஓட்டம், என் குதிப்பு. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

பேப்பரில் படம். மூன்றாம் பக்கம், கீழே. சார் இன்னொரு டீ வாங்கித் தந்தார். கமிட்டி குளிர்ந்துவிட்டதாம். மார்ச் 10 கடைசி ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் பாராட்டு, ஒரு மிதிவண்டி நிறுவனம் வருகிறதாம். அடுத்த சீசன் ஒப்பந்தத்தை அங்கேயே கொடுத்துவிடலாம் என்றார்.

பிப்ரவரி 29, வியாழன்

பயிற்சி முடிந்து வந்தால் ஹாஸ்டல் வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தது. நான்கு கிலோ மக்ரூன்.

வைஷாலிதான் முதலில் கேட்டாள், என்ன விசேஷம் அமலிக்கா என்று. அமலி பெட்டியின் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "குணாக்காவோட நூறுக்குத்தான். அண்ணன் அனுப்பி வச்சிருக்கான்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஆளுக்கு இரண்டு, கோல்கீப்பருக்கு மூன்று. எனக்கு முதலில் நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு சொல்லியிருந்தால்தான் ஸ்பெஷலாகச் செய்து அதற்குள் வந்து சேரும். அவள் அண்ணன் சுறுசுறுப்பானவர்.

எனக்குப் பல் கூச்சம், சாப்பிடவில்லை. பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 2, சனி

இன்று ஒரு விஷயம் ஞாபகம் வந்தது, சும்மா எழுதிவைக்கிறேன். போன சீசனில் ஆறாம் நம்பர் அடித்த கோலை ஒன்பது என்று தப்பாக எழுதிவிட்டார்கள். ஆறைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள். நான்தான் லீக் ஆபீஸுக்குக் கடிதம் கொடுத்து மாற்றினேன். எனக்கு அடுத்தவள் சோறு வேண்டாம் என்று அன்று பெருமையாக இதே நோட்டில் எழுதியும் இருக்கிறேன். கேப்டன் கையெழுத்தோடு கடிதம் போதும், கடைசி ஆட்டம் தொடங்குவதற்குள் கொடுத்துவிட வேண்டும். வேறு யார் சம்மதமும் தேவையில்லை.

மக்ரூனில் எறும்பு ஏறிவிட்டது. தட்டிவிட்டு டப்பாவுக்கு மாற்றினேன்.

மார்ச் 3, ஞாயிறு

கோல் இல்லை. 40 நிமிடம் ஆடினேன்.

மார்ச் 4, திங்கள்

முட்டிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே இருக்கிற மெத்தை கிழிந்துவிட்டதாம். இப்படியே ஆடினால் இன்னும் ஒரு சீசன் தாங்குவதே சந்தேகம் என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுவார்கள், அவர்கள் தொழில் அது. சாரிடம் சுளுக்கு என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சீசன் போதும். ஒப்பந்தம் கைக்கு வரட்டும்.

மார்ச் 5, செவ்வாய்

மைதானத்து வாசலில் பேனர் கட்டிவிட்டார்கள். பத்தடி உயரம். என் முகமும் பக்கத்தில் 100-ம். முகம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, நீங்கள்தானே அது என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல ஏனோ நேரமானது.

மார்ச் 7, வியாழன்

பாராட்டுக்குப் படம் எடுப்பார்களே என்று மத்தியானம் அமலியை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு முடியை ஒழுங்கு செய்யச் சொன்னேன். மூன்று வாரத்தில் அரை விரல்கூட வளரவில்லை. துண்டைப் போர்த்திவிட்டு மெஷினை ஓடவிட்டாள். கீழே தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனார்கள்.

நான் வேறு எதையோ பேச ஆரம்பித்து, அது எங்கேயோ சுற்றி, அந்த வேலூர் ஆட்டத்துக்கு வந்து நின்றது. பந்து திரும்புவதை அங்கிருந்து பார்த்தாயா என்று கேட்டேன். அவள் காதோரத்தில் வேலையாக இருந்தாள்.

"திரும்பலையேக்கா."

"முடியிலதான் பட்டுது. லேசா. தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது."

மெஷினை நிறுத்தினாள். என் பின்னந்தலையில் உள்ளங்கையை வைத்து, நாரைத் தடவுவது போல ஒரு தடவை தடவினாள்.

"முடி எங்கக்கா இருந்துச்சு? நான்லா வெட்டுனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். மெஷினை மறுபடி ஓடவிட்டு மிச்சத்தை முடித்தாள். பிரஷால் கழுத்தைத் தட்டிவிட்டாள்.

அப்படியென்றால் அன்றைக்கே மேட்ச் கமிஷனரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீங்க கையத் தூக்கிட்டீங்கல்லா. பிள்ளைய எல்லாம் அழுதுட்டு கெடக்கு. அதுல வந்து நின்னுக்கிட்டு என்னதுன்னு சொல்லச் சொல்லுதீங்களா?" துண்டை உதறினாள். "அண்ணன்ட்டதான் சொல்லிட்டேன். அவன் எங்க தெருப் பூராஞ் சொல்லிட்டான். அது ஒண்ணுதான் சங்கடமாப் போச்சு. இப்போ தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிருக்கேன்."

அவள் கீழே போன பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் சுட்டது. ஒன்பது வருஷம் காத்திருந்து ஒன்று போட்டவள், தன் தெருவுக்கு முன்னால் தன்னையே பொய்க்காரி ஆக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்காக. வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

கடிதம் எழுதினேன். நான்கு வரி. முதலில் ஒரு பக்கம் எழுதினேன், அதில் என் ஓட்டத்தைப் பற்றியே முக்கால் பக்கம் இருந்தது. கிழித்துவிட்டேன்.

பஸ் பிடித்து லீக் ஆபீஸுக்குப் போய்க் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, நூறு தொண்ணூற்றொன்பது ஆகிவிடும், தெரியும்தானே என்று கேட்டார். எண்ணத் தெரியும் என்றேன். முத்திரை குத்தி நகல் கொடுத்தார்.

நேரே சாரிடம் போய் நகலைக் காட்டினேன். அப்படியே முட்டிச் சமாச்சாரத்தையும் சொல்லிவிட்டேன். எப்படியும் திட்டுவார், இரண்டுக்கும் சேர்த்துத் திட்டட்டும் என்றுதான். அவர் திட்டவில்லை. சைக்கிள்காரர்களுக்கு என்ன சொல்வது என்றார். தொண்ணூற்றொன்பதுக்கு ஒரு சின்ன சைக்கிள் தரச் சொல்லுங்கள் என்றேன்.

"ஒரு மாசம் கழிச்சு சொல்லியிருக்கலாமே குணா. கையெழுத்தாவது ஆயிருக்கும்."

"கடைசி ஆட்டத்துக்கு அப்புறம் மாத்த முடியாது சார். அவ ஊருக்குப் போயிடுவா."

டீ வரவில்லை.

அமலியிடம் சாயங்காலம் நகலை நீட்டினேன். படித்தாள், மடித்தாள், உள்ளே போய்விட்டாள். என்னோடு சாப்பிட உட்காரவும் இல்லை.

மார்ச் 9, சனி

அமலி பேசினாள். காலையில், பல் துலக்கும்போது, வாய் நிறைய நுரையோடு. அவளுக்காகத்தான் இதைச் செய்தேன் என்று எங்கேயாவது சொல்லிக்கொண்டு திரிந்தால் கொன்றுவிடுவாளாம். நான் செய்தது எனக்காக என்றேன். துப்பிவிட்டு, அப்படியென்றால் சரி என்றாள்.

பேனரை இறக்கிவிட்டார்கள். சமையல்கார அம்மா வாங்கிப் போய் விறகுக்கு மேல் மூடியிருக்கிறார். மழை வந்தால் என் முகம் உபயோகப்படும்.

மார்ச் 10, ஞாயிறு

பாராட்டு இல்லை, சைக்கிள்காரர்கள் வரவில்லை. ஆட்டத்துக்கு முன் மைக்கில் திருத்தம் மட்டும் வாசித்தார்கள்: வேலூருக்கு எதிரான கோல், 71-வது நிமிடம், நாலாம் நம்பர், அமலி. யார் என்ன என்று புரியாமல் கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள். எங்கள் பெஞ்ச் முழுக்க எழுந்து நின்றது. வைஷாலி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். அதற்கும் நான்தான் சொந்தக்காரி.

சார் என்னை இறக்கவே மாட்டார் என்று நினைத்தேன். 75-வது நிமிடத்தில் முட்டியில் பட்டையைச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். கேப்டன் பட்டையை அமலி கழற்றித் தர வந்தாள். உன் கையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது கொஞ்சம் அதிகம்.

83-வது நிமிடம். நடுக்கோட்டுக்கு முன்னால் ஃப்ரீகிக். அமலி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அதே உயரம், அதே பந்து. முட்டி போனால் போகிறது என்று குதித்தேன். நடு நெற்றியில் பட்டது. டொக் என்று உச்சந்தலை முதல் பல் வரை ஒரு சத்தம் கேட்கும், தொண்ணூற்றொன்பதில் தலையால் அடித்த இருபத்திரண்டுக்கும் அதைக் கேட்டிருக்கிறேன். வேலூர் ஆட்டத்தில் அது கேட்கவில்லை. அன்று குதித்து இறங்குவதற்குள்ளேயே, கை மேலே போவதற்கு முன்னாலேயே, அது எனக்குத் தெரியும்.

இன்றைக்குப் பந்து மேல் கம்பியில் மோதி வெளியே போனது. கை மேலே போகவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரித்தேன். அமலி தூரத்திலிருந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

0–0. சீசன் முடிந்தது. சார் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், எழுத வேண்டியதில்லை. நான் தேடாத கிளப்பா, என்னைத் தேடாத கிளப்பா. முட்டியைத் தைத்துக்கொண்டு வருகிறேன், அப்போது பார்க்கலாம்.

டிரஸ்ஸிங் ரூமில் அமலி பையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்தாள். கடையில் இருந்ததையே வாங்கி நேற்றைய பஸ்ஸில் அனுப்பியதாம். அண்ணன் இந்தத் தடவை மூடியில் பேனாவால் "முதல் கோல்" என்று எழுதி, தேதியும் போட்டு, கீழே கொட்டை எழுத்தில் "இப்போ நிசமாவா?" என்று கேட்டிருந்தார். பஸ்ஸில் ஒன்பது வருஷம் ஸ்தோத்திரம் பாடிய எல்லோரும் கத்தினார்கள். அவள் கயிற்றைப் பல்லால் அறுத்து முதலில் என்னிடம்தான் நீட்டினாள். நான்கு எடுத்தேன். வழக்கம் இரண்டுதான் என்றாள். போன தடவை சாப்பிடாத பாக்கி என்றேன்.

நல்ல மக்ரூன். வாயில் போட்டதும் கரைந்துவிடுகிறது.

பிப்ரவரி 25-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி 100-ஐ அடித்துவிட்டு எழுதினேன்: 71-வது நிமிடம். வலது கால், நாற்பது கஜம், தரையில் ஒரு குத்து. அமலி. நான் குதித்தேன். படவில்லை.

என்னுடையது தொண்ணூற்றொன்பது. அத்தனையும் பட்டது.